எலி ஆஸ்துமா மாடல்: மூக்குல சொட்டு விடறதா, சேம்பரா, தொண்டை வழியா? ஒரே குரூப்புக்குள்ளயே ரிசல்ட் சிதறுது

தூக்கம்கெட்டவன்:

வணக்கம் மக்களே, ரெண்டு மாசமா ஒரே எடத்துல சுத்திட்டு இருக்கேன், யாராச்சும் கை குடுங்க. பால்ப்-சி ரக சுண்டெலி, பெண், 8 வாரம். 0-வது நாளும் 14-வது நாளும் ஓவால்புமின் (ஓவா, முட்டை வெள்ளைப் புரதம்) 20 மைக்ரோகிராம், எதிர்ப்பைத் தூண்டிவிடற ஆலத்தோட கலந்து வயித்துக்குள்ள ஊசி, அப்புறம் 21, 22, 23 மூணு நாளும் மூக்கு வழியா சேலஞ்ச் (அதே ஓவாவை மறுபடி குடுத்து அலர்ஜியைக் கிளப்பறது), எலிக்கு 50 மைக்ரோகிராம், 20 மைக்ரோலிட்டர்ல. லேசா ஐசோஃப்ளூரேன் மயக்கம் குடுத்துட்டு பைப்பெட்டால சொட்டு சொட்டா விடறேன். கடைசி சேலஞ்சுக்கு 24 மணி நேரம் கழிச்சு நுரையீரலைக் கழுவி (லவேஜ்) செல் எண்றேன். அங்கதான் தலைவலி. ஒரே குரூப்ல ஒரு எலிக்கு ஈசினோஃபில் (அலர்ஜில கூடற வெள்ளணு) 60 சதவீதம், பக்கத்து எலிக்கு 5. அந்த 5 சதவீத எலியைப் பாத்தா கன்ட்ரோல் எலி மாதிரியே இருக்கு. ஓவா லாட் (தயாரிப்பு பேட்ச்) மாத்திப் பாத்தேன், ஆலம் புதுசு வாங்கினேன், ஒண்ணும் மாறல.

கைடு என்ன சொல்றாருன்னா "மூக்குல விடறதெல்லாம் பழைய பஞ்சாங்கம், நெபுலைசர் சேம்பருக்கு மாறு"ங்கறாரு. கூட வேலை செய்யற சீனியர் "ட்ரக்கியாவுக்குள்ளயே (மூச்சுக்குழாய்) நேரா விடு, சந்தேகமே வராது"ங்கறாங்க. அடுத்த கட்டமா இதே எலிகளுக்கு குளோரின், இல்லன்னா ஓசோன் மாதிரி ஒரு எரிச்சல் வாயுவும் குடுத்துப் பாக்கணும்னு ப்ளான் இருக்கு, அதுக்கும் சேத்து ஒரே வழியா யோசிக்கலாமா? எது பெட்டர்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, பேப்பர்ல மெத்தட்ஸ் படிச்சா எல்லாரும் ரெண்டு வரில முடிச்சுடறாங்க.

கூண்டுக்காரி:

தம்பி, லாட் மாத்தறதுக்கு முன்னாடி நீங்க விட்ட சொட்டு எங்க போச்சுன்னு பாத்தீங்களா? உங்க பதிவுல ரெண்டு விஷயம் உடனே கண்ணுல குத்துச்சு. "லேசா ஐசோஃப்ளூரேன்", "20 மைக்ரோலிட்டர்". பிரச்சனை இந்த ரெண்டுலயே இருக்கலாம்னு நினைக்கறேன்.

முழிச்சிருக்கற எலி, இல்ல அரைமயக்கத்துல இருக்கற எலி, மூக்குல தண்ணி பட்டா என்ன பண்ணும்? தும்மும், இல்லன்னா முழுங்கும். நீங்க குடுத்ததுல பாதி மூக்குலயே நின்னுடும், மீதி வயித்துக்குப் போகும். 5 மைக்ரோலிட்டர் விட்டா அது மூக்கை விட்டு எறங்கவே எறங்காது, மூக்கு அலர்ஜி மாடல் பண்றவங்க வேணும்னே அப்படித்தான் விடறாங்க. லங் வரைக்கும் போகணும்னா 35-லருந்து 50 மைக்ரோலிட்டர் வேணும், மயக்கமும் ஆழமா இருக்கணும். நீங்க நிக்கற 20 அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. மயக்கம் கொஞ்சம் ஆழமான எலிக்கு உள்ள போயிருக்கும், தெளிஞ்சிட்டிருந்த எலிக்கு வயித்துக்குப் போயிருக்கும். உங்க 60-உம் 5-உம் அங்கருந்து வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆழம்னா எவ்ளோன்னு கேப்பீங்க. நான் பாக்கறது மூச்சை மட்டும்தான். மயக்க பாக்ஸ்லருந்து எடுக்கறப்ப மூச்சு வேகம் நல்லா கொறஞ்சு, செகண்டுக்கு ஒண்ணு மாதிரி, வயிறு ஆழமா ஏறி எறங்கணும். கால் விரலைக் கிள்ளினா இழுக்கக் கூடாது. அந்த ஜன்னல் ரொம்பச் சின்னது, கையில எடுத்து நிமிர்த்திப் பிடிச்சு தலையைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு சொட்டு விட்டா, அடுத்த பெரிய மூச்சுல அதுவே சர்ருனு உறிஞ்சிக்கும், நீங்க தள்ள வேண்டியதே இல்ல. மூக்கு நுனில குமிழ் வந்துச்சுன்னா வேஸ்ட், அந்த எலிக்கு டோஸ் போகலன்னு நோட்டுல எழுதிடுங்க. எழுதாம விட்டுட்டு கடைசில அவுட்லையர்னு (கூட்டத்தோட சேராத எண்) தூக்கினா அது அழுகுணி ஆட்டம்.

சேம்பருக்கு மாறலாம், தப்பில்ல, ஆனா அதுவும் இதே கேள்வியைத்தான் வேற வேஷத்துல கேக்கும். ஒரு சதவீத ஓவா, 30 நிமிஷம்னு எல்லாரும் எழுதறாங்க, அதுல லங்குக்குள்ள எவ்ளோ போச்சுன்னு ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க. எலி மூக்கு பக்கத்துல லிட்டர் காத்துக்கு 10 மைக்ரோகிராம் இருக்குன்னு சும்மா ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். எலி நிமிஷத்துக்கு சுமார் 25 மில்லி காத்து இழுக்கும், 30 நிமிஷத்துக்கு 750 மில்லி. ஆக மூக்குக்குள்ள போறது 7.5 மைக்ரோகிராம். அதுல பத்துல ஒரு பங்கு லங்ல படிஞ்சா 0.75. நீங்க மூக்குல விடறது 50, அதுல பாதி போனாலும் 25. ரெண்டுக்கும் முப்பது மடங்கு வித்தியாசம். அதுக்காக சேம்பர் மோசம்னு அர்த்தம் இல்ல, ஏரோசால் (காத்துல மிதக்கற பொடித்துளி) லங் முழுக்க பரவலா படியும், சொட்டு திட்டுத்திட்டா படியும். ஹிஸ்டாலஜி (திசுவைச் சீவி மைக்ராஸ்கோப்ல பாக்கறது) எடுக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

துளி சைஸையும் பாருங்க, 5 மைக்ரானுக்கு மேல இருந்தா எலி மூக்கே வடிகட்டிடும், 1-லருந்து 3 வரைக்கும்தான் உள்ள எறங்கும். ஜெட் நெபுலைசர்ல புரோட்டீன் நுரைக்கும், தண்ணி ஆவியாகி கப்புல இருக்கறது போகப்போக கெட்டியாகும். அல்ட்ராசானிக்ல கரைசல் சூடாகும். முழு உடம்பு சேம்பர்னா இன்னொரு கூத்து, மயிர்ல எல்லாம் ஓவா ஒட்டிக்கும், வெளிய வந்ததும் எலி ஒக்காந்து நக்கி நக்கி சுத்தம் பண்ணும், ஆக வாய் வழியாவும் ஒரு டோஸ். ஓவாவை வாய் வழியா குடுத்தா டாலரன்ஸ் வரும், உடம்பு அதை எதிர்க்காம விட்டுடும்னு தெரியும்ல? சென்சிடைஸ் ஆன (ஏற்கனவே அலர்ஜி ஏத்தின) எலியில அவ்ளோ கெடுதல் இல்லதான், ஆனாலும் எவ்ளோ போச்சுன்னு உங்களுக்குத் தெரியாத டோஸ் அது.

அரைவேக்காடு:

அக்கா சொன்னதுல எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேக்கறேன். மூக்கு மட்டும் காட்டற ட்யூப் இருக்கு பாருங்க, அதுல மயிர்ப் பிரச்சனை போயிடும், ஆனா எலியை அடைச்சு வைக்கற ஸ்ட்ரெஸ் வரும், கார்ட்டிகோஸ்டிரோன்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும், அது இன்ஃப்ளமேஷனையே (அழற்சி) அமுக்கும். ஒரு வாரம் தினமும் 5, 10, 20 நிமிஷம்னு ட்யூப்ல பழக்கிட்டு அப்புறம் ஆரம்பிங்க. நாங்க பழக்காம ஆரம்பிச்சு மூணு எலி ட்யூபுக்குள்ள திரும்பப் பாத்து மாட்டிக்கிச்சு, அன்னிக்கு யாரும் மதியம் சாப்பிடல.

பழையபாவி:

கேள்வியிலயே ஒரு கோளாறு இருக்கு, யாரும் தொடல. ஓவா ஒரு அலர்ஜென் (அலர்ஜி தர்ற பொருள்), குளோரின் ஒரு இரிட்டன்ட் (எரிச்சல் தர்ற பொருள்). ரெண்டையும் "ஒரே வழியா யோசிக்கலாமா"ன்னா முடியாது. ஓவாவுக்கு உடம்பு முன்னாடியே பழகியிருக்கணும், சென்சிடைஸ் ஆகாத எலிக்கு அது வெறும் முட்டை வெள்ளை. குளோரின் முதல் மூச்சுலயே சுடும், அதுக்கு முன்கதை எதுவும் வேணாம். ஓவா குடுத்தா ஈசினோஃபில் வரும், குளோரினுக்கும் ஓசோனுக்கும் பெரும்பாலும் நியூட்ரோஃபில்ங்கற வேற வெள்ளணுதான் ஓடி வரும், குளோரின்ல மூச்சுப்பாதையோட உள்தோல், எபிதீலியமே உரிஞ்சு விழும்.

டோஸ் கணக்குலயும் இரிட்டன்ட் வேற ஜாதி. அலர்ஜெனுக்கு மேல போட்ட கணக்கு ஓடும், ஏன்னா எலி எப்பவும் போல மூச்சு விட்டுட்டிருக்கும். எரிச்சல் வாயு மூக்குல பட்டதும் முகத்து ட்ரைஜெமினல் நரம்பு ஒரு ரிஃப்ளெக்ஸ் அடிக்கும், காத்தை உள்ள இழுத்துட்டு வெளிய விடறதுக்கு முன்னாடி எலி அப்படியே பிரேக் போட்டு நிக்கும், மூச்சு எண்ணிக்கை சரியும். 1960-கள்லயே இவ் அலாரி இதை வச்சுத்தான் எரிச்சலை அளந்தாரு, மூச்சு வேகம் பாதியா கொறையற செறிவுக்கு ஆர்டி50-ன்னு பேரு. எலிக்கு ஃபார்மால்டிஹைடுக்கு அது சுமார் 3 பிபிஎம் (பத்து லட்சத்துல 3 பங்கு), குளோரினுக்கு சுமார் 9. இப்ப நீங்க பேப்பர்ல பாக்கற குளோரின் மாடல் என்ன? 100 பிபிஎம், 5 நிமிஷம். ஆர்டி50-ஐ விட பத்து மடங்கு மேல! செறிவையும் நேரத்தையும் பெருக்கி டோஸ்னு எழுதறாங்க, ஆனா எலி அந்த 5 நிமிஷமும் மூச்சைக் கொறைச்சுட்டு உக்காந்திருக்கு. அதனால சேம்பரோட ஒரு ப்ளெதிஸ்மோகிராஃப் (மூச்சை அளக்கற கருவி) இணைச்சு மூச்சையும் சேத்து அளங்க, இல்லன்னா ரெண்டு குரூப்பை ஒப்பிடவே முடியாது. ஆஸ்துமா எலி ஒரு மாதிரி பிரேக் போடும், நார்மல் எலி வேற மாதிரி போடும், அப்ப ஒரே சேம்பர்ல ரெண்டுக்கும் டோஸே வேறதான். மயக்கம் குடுத்துட்டா இந்த ரிஃப்ளெக்ஸ் மங்கும், ட்ரக்கியாவுல குழாய் போட்டுட்டா மூக்கையே தாண்டிடும், ரெண்டுலயும் அதே பிபிஎம்ல அதிக அடி விழும்.

இன்னொண்ணு, தண்ணில கரையற வாயுவை மூக்கு உறிஞ்சிக்கும், குளோரின், ஃபார்மால்டிஹைடு எல்லாம் அந்த ரகம், அடி மேல்பாதையிலதான் அதிகம். ஓசோன் அவ்ளோ கரையாது, ஆழமா போகும். ஓசோன் பண்ணா ஆக்சிஜன்லருந்து தயாரிங்க, காத்துலருந்து தயாரிச்சா நைட்ரஜன் ஆக்சைடும் கூடவே வந்து சேரும். சேம்பருக்குள்ள படுக்கைத்தூள் போடாதீங்க, வெறும் கம்பிவலைக் கூண்டு. தூள், மயிர், கழிவு எல்லாம் ஓசோனைத் தின்னும், மீட்டர் வாசல்ல 2 பிபிஎம் காட்டும், எலி மூக்குகிட்ட அதை விடக் கம்மியா இருக்கும். அளக்கற குழாயை எலி இருக்கற உயரத்துல வைங்க.

கூண்டுக்காரி:

பழையபாவி சார் வழக்கம்போல திட்டிட்டே பாடம் எடுத்துட்டாரு 😄 முழுசா ஒத்துக்கறேன். டிடிஐ (பாலியூரிதேன் நுரை தயாரிக்கற டொலுயீன் டைஐசோசயனேட்) பத்தியும் சொல்லிடறேன், தொழிற்சாலை ஆஸ்துமாவுக்கு அதைத்தான் நிறைய பேர் எடுக்கறாங்க. அது தண்ணில போட்டா வினை புரிஞ்சு போயிடும், சலைன்ல கரைக்கவே கூடாது, அசிட்டோனும் ஆலிவ் எண்ணெயும் கலந்து காதுத்தோல்ல தடவி சென்சிடைஸ் பண்ணி அப்புறம்தான் மூச்சுப்பாதைல சேலஞ்ச். அதுக்கு கன்ட்ரோல் வெறும் சலைன் கிடையாது, அந்த அசிட்டோன் எண்ணெய்க் கலவையேதான் கன்ட்ரோல்.

தூக்கம்கெட்டவன்:

அக்கா, சார், ரொம்ப நன்றி, நான் உண்மையா சொல்றேன், இவ்ளோ நாள் ஓவாவைத்தான் சந்தேகப்பட்டேன், என் கையை சந்தேகப்படல. இன்னொரு கூத்து இப்பதான் ஞாபகம் வருது, மூணு நாள்ல ரெண்டு நாள் நான் டோஸ் விட்டேன், ஒரு நாள் ஜூனியர் விட்டாங்க. அவங்க ஐசோஃப்ளூரேன்ல இன்னும் சீக்கிரம் எடுப்பாங்க.

சரி சீனியர் சொன்ன ட்ரக்கியா வழி என்னாச்சு? யாரும் அதைப் பத்தி சொல்லலயே.

நாக்குபிடி:

நான் சொல்றேன், பேரே அதானே.

ட்ரக்கியாவுக்குள்ள விடறதுன்னா ரெண்டு மூணு விதம் இருக்கு. கழுத்தைக் கீறி நேரா ஊசி போடறது பழைய முறை, தினமும் சேலஞ்ச் பண்ற மாடலுக்கு ஆகவே ஆகாது, கீறின காயமே இன்ஃப்ளமேஷன். ரெண்டாவது வாய் வழியா கேனுலா (மெல்லிய ப்ளாஸ்டிக் குழாய்) போடறது. 20 இல்ல 22 கேஜ் ஐவி கேனுலா, எலியை மேல்பல்லுல கட்டி சாய்ச்சு வச்சு, கழுத்துக்கு வெளியருந்து லைட் அடிச்சா உள்ள குரல்நாண் மூடித் தெறக்கறது வெளிச்சமா தெரியும், தெறக்கறப்ப நுழைக்கணும். உள்ள போச்சா உணவுக்குழாய்க்குப் போச்சான்னு பாக்க, கேனுலா வாயில ஒரு சொட்டு தண்ணியோட சின்ன குழாய் சொருகினா போதும், மூச்சுக்கு ஏத்த மாதிரி அந்தச் சொட்டு மேல கீழ ஆடும். ஆடலன்னா வெளிய எடுங்க. 50 மைக்ரோலிட்டர் விட்டுட்டு பின்னாடியே 100, 200 மைக்ரோலிட்டர் காத்து தள்ளினா குழாய்ல நின்னது போயிடும். டோஸ் சுத்தமா போகும், ஆனா கை பழக நாளாகும், பழகற வரைக்கும் தொண்டையைக் குத்தி ரத்தம் வரவச்சுட்டே இருப்பீங்க. அந்த ரத்தம் உங்க லவேஜ்ல வந்து நிக்கும். அதோட கேனுலா ஒரே பக்கம் சாய்ஞ்சா ஒரே லங்குக்குப் போகும். எலிக்கு லங்ல இடப்பக்கம் ஒரே லோப் (மடல்), வலப்பக்கம் நாலு, அதனால இடதை ஹிஸ்டாலஜிக்கும் வலதை ஆர்என்ஏவுக்கும் பிரிக்கறவங்க இதை மறந்தா ரெண்டு ரிசல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடும்.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது, தொண்டைப் பின்பக்கம் சொட்டு வச்சு எலியே உறிஞ்ச வைக்கறது. அதே சாய்வுப் பலகை, அதே பல்லுல ரப்பர் பேண்ட். நாக்கை ஃபோர்செப்ஸால பக்கவாட்டுல இழுத்துப் பிடிச்சா எலியால முழுங்க முடியாது. தொண்டைல 50 மைக்ரோலிட்டர் வச்சுட்டு மூக்கை விரலால மூடணும். எலி சாதாரணமா மூக்கால மட்டும்தான் மூச்சு விடற ஜந்து, மூக்கை மூடினா வேற வழியில்லாம வாயால இழுக்கும், சொட்டு உள்ள போறப்ப கறகறன்னு ஒரு சத்தம் கேக்கும், அதுதான் உங்க ரசீது. ரெண்டு மூச்சு முழுசா போற வரைக்கும் நாக்கை விடாதீங்க. இதுல மூக்கு டோஸும் இல்ல, வயித்து டோஸும் ரொம்ப கம்மி. ஓவா, வீட்டுத்தூசிப்பூச்சி சாறு, டீசல் புகைத்தூள்னு எல்லாத்துக்கும் நான் இதையேதான் பண்றேன்.

ஆனா நிஜ மனுஷன் மூச்சு விடற மாதிரி மூக்குலருந்தே எரிச்சல் ஆரம்பிக்கணும்னு உங்க கேள்வி இருந்தா, இது அதை வெட்டிடும். அப்ப மூக்கு வழியோ சேம்பரோதான்.

அரைவேக்காடு:

வீட்டுத்தூசிப்பூச்சின்னு சொன்னதும் ஞாபகம், அதுக்கு ஆலமும் வேணாம் வயித்து ஊசியும் வேணாம். 25 மைக்ரோகிராம் மூக்குல, வாரம் 5 நாள், மூணு வாரம். அதுல ப்ரோட்டியேஸ் (புரதத்தை வெட்டற நொதி) இருக்கு, அதுவே எபிதீலியத்தைத் தட்டி எழுப்பிடும். மனுஷனுக்கு வர்ற ஆஸ்துமாவுக்கு இதுதான் நெருக்கம்னு என் கட்சி. ஆனா சாறு வாங்கறப்ப எண்டோடாக்சின் (எல்பிஎஸ், பாக்டீரியா சுவர் நச்சு) எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க, லாட்டுக்கு லாட்டு மாறும். ஓவாவுக்கும் இதே கதைதான், கொஞ்சூண்டு எல்பிஎஸ் இருந்தா எதிர்ப்பு சக்தியை டிஎச்2 (அலர்ஜி) பக்கம் தள்ளும், நிறைய இருந்தா டிஎச்1-க்கு (அலர்ஜி இல்லாத வகை) திருப்பிடும்.

எண்ணிப்பாரு:

சேம்பருக்கு மாறறவங்களுக்கு ஒரு வார்த்தை. 8 எலியை ஒரே சேம்பர்ல ஒரே தடவை வச்சு ஏரோசால் குடுத்தா உங்க 'n' (தனித்தனி மாதிரி எண்ணிக்கை) எட்டு இல்ல, ஒண்ணு. அன்னிக்கு நெபுலைசர் அடைச்சிருந்தா எட்டும் சேந்துதான் கெடும். வேற வேற நாள்ல ரிப்பீட் பண்ணுங்க, சலைன் குரூப்புக்கும் ஓவா குரூப்புக்கும் அதே சேம்பரை நல்லா கழுவி மாத்தி மாத்தி யூஸ் பண்ணுங்க. கழுவாம விட்டா சலைன் எலிக்கும் ஈசினோஃபில் வரும். பாத்திருக்கேன்.

தூக்கம்கெட்டவன்:

அப்டேட். ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, வழி மாத்தறதால எத்திக்ஸ் கமிட்டில திருத்தம் வாங்க வேண்டி இருந்துச்சு.

கூண்டுக்காரி அக்கா "எங்க போச்சுன்னு பாத்தீங்களா"ன்னு கேட்டது மண்டைலயே ஓடிச்சு, அதனால ஓவாவே இல்லாம வெறும் எவன்ஸ் ப்ளூ சாயம் விட்டுப் பாத்தேன். வேற சோதனைல மிஞ்சின எலி ஆறு. மூணுக்கு என் பழைய முறை, லேசான மயக்கம், 20 மைக்ரோலிட்டர். மூணுக்கு ஆழமான மயக்கம், 40 மைக்ரோலிட்டர். அஞ்சு நிமிஷம் கழிச்சு முடிச்சுட்டு நெஞ்சைத் தெறந்தேன். பழைய முறைல ஒரு எலிக்கு இடது லங்ல ரெண்டு நீலப் புள்ளி, ஒண்ணுக்கு வலது மேல் லோப்ல ஒரு ஓரம், மூணாவதுக்கு லங் ரெண்டும் அப்படியே ரோஸ் கலர், சுத்தமா ஒண்ணுமே இல்ல, வயித்தைத் தெறந்தா இரைப்பை நீலம். அதுதான் என் 5 சதவீத எலின்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. 40-ல மூணுக்குமே ரெண்டு பக்கமும் நீலம், ஆனா சமமா இல்ல, திட்டுத்திட்டா, அக்கா சொன்ன மாதிரியேதான்.

அப்புறம் ஓவாவோட ஒரு பேட்ச் ஓட்டினேன், 40 மைக்ரோலிட்டர், மூணு நாளும் நானே விட்டேன், மூச்சு எண்ணி எண்ணி. ஆறு எலிக்கும் ஈசினோஃபில் 40-லருந்து 65-க்குள்ள. கைடுகிட்ட அந்த இரைப்பை ஃபோட்டோவைக் காட்டினேன், சேம்பர் பேச்சையே எடுக்கல. லேப்ல எல்லாரும் "இன்னிக்கு பால் கறந்தாச்சா"ன்னு கேக்கறாங்க, லவேஜுக்கு பால்னு (BAL, ஆங்கிலப் பேரோட சுருக்கம்) சுருக்குப் பேர் வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல.

குளோரினை இப்போதைக்கு தள்ளி வச்சுட்டேன். ப்ளெதிஸ்மோகிராஃப் கிடைக்கற வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்.

பழையபாவி:

நல்லது. தொடறப்ப ஃப்யூம் ஹுட்டுக்குள்ள மொத்த சேம்பரும் இருக்கணும், வெளிய வர்ற காத்து கார ஸ்க்ரப்பர் (வாயுவைக் காரக் கரைசல்ல பிடிச்சு வைக்கற கருவி) வழியா போகணும், ரூம்ல குளோரின் அலாரம் இருக்கணும். மூக்கு மோப்பத்தை நம்பாதீங்க, கொஞ்ச நேரத்துல பழகிடும். ஓவா பொடியை நிறுக்கறப்பவும் மாஸ்க் போடுங்க, எலியை வச்சு ஆஸ்துமா ஆராய்ச்சி பண்ணப் போய் தனக்கே எலி அலர்ஜி வந்து வேலையை விட்டவங்க இந்தத் தொழில்ல கம்மி இல்ல.

தூக்கம்கெட்டவன்:

சரிங்க சார். நாக்குபிடி, அடுத்த பேட்ச்ல உங்க முறையையும் ஒரு குரூப்புக்கு போட்டுப் பாக்கறேன். ஒரே டவுட்டு, நேத்து சாயம் வச்சு ட்ரை பண்றப்ப நாக்கு வழுக்கிட்டே போகுது, இறுக்கிப் பிடிச்சா கிழிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. எந்த ஃபோர்செப்ஸ்?

நாக்குபிடி:

பல்லு வச்சது வேணவே வேணாம், கிழிஞ்சிடும், அடுத்த நாள் எலி சாப்பிடாது, எடை கொறையும், அதையும் ஆஸ்துமா கணக்குல எழுதிடுவீங்க. நுனி மழுங்கின, உள்பக்கம் மட்டும் லேசா வரி போட்டது எடுங்க. நுனில சின்னத்துண்டு காஸ் துணி சுத்திக்கிட்டா வழுக்காது. முன்னால இழுக்காதீங்க, கொஞ்சம் மேலயும் பக்கவாட்டுலயும், அவ்ளோதான். முதல் பத்து எலிக்கு ரெண்டு பேரா பண்ணுங்க, ஒருத்தர் நாக்கு, ஒருத்தர் பைப்பெட்.